சியாட்டில் மரைனர்ஸ் பேஸ்பால் டீமோட பழைய பிட்ச்சர் (பந்து போடுறவர்) 'கிங்' ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு ஒரு மரைனர்ஸ் ரசிகன் எழுதுறது

அன்புள்ள ஃபெலிக்ஸ்,

2025 அக்டோபர்ல டொராண்டோ கூட அவங்க ஊர்லயே நடந்த லீக் ஃபைனல்ல, அந்த ஏழாவது மேட்ச்ல நம்ம மரைனர்ஸ் தோத்ததுலருந்து உங்களுக்கு எழுதணும்னு மனசு அடிச்சிக்கிட்டே இருக்கு. 3-1னு நாமதான் லீட், இன்னும் எட்டு அவுட் எடுத்தா வேர்ல்ட் சீரிஸ்ங்கிற பெரிய ஃபைனல், அப்பப் பார்த்து டொராண்டோவோட ஸ்ப்ரிங்கர் ஒரே அடில மூணு ரன் எடுத்துட்டுப் போயிட்டாரு. 1977லருந்து ஆடுறோம், முப்பது டீம்ல வேர்ல்ட் சீரிஸ் வாசப்படியே மிதிக்காத ஒரே டீம் சியாட்டில்தான். அன்னிக்கு ராத்திரி எல்லாரும் எந்த பிட்ச்சரை எப்ப இறக்கியிருக்கணும்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு.

ஏன்னா நல்லா பந்து போட்டுட்டு ரன் இல்லாம தோக்குறது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாது. 2010ல 2.27 ஈஆர்ஏவோட (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா விட்ட ரன்) லீக்லயே சிறந்த பிட்ச்சருக்கான சை யங் அவார்டு வாங்குனீங்க, ஆனா உங்க பேர்ல இருக்குற கணக்கைப் பார்த்தா 13 வெற்றி 12 தோல்வி. எப்படி இருக்கும் பின்ன, டீம் மொத்த சீசனுக்கும் சேர்த்து அடிச்சதே 513 ரன், தோத்தது 101 மேட்ச்! 2012 ஆகஸ்ட் 15, டாம்பா பே கூட பெர்ஃபெக்ட் கேம், 27 பேர் வந்து 27 பேரும் அவுட், கடைசி ஆளு உங்க சேஞ்சப்பை, அந்த ஏமாத்துற மெதுவான பந்தை, பார்த்துக்கிட்டே நின்னான், நீங்க ரெண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்குனீங்க. அன்னிக்கும் நம்ம பசங்க உங்களுக்குக் கொடுத்தது ஒத்த ரன்.

அந்த சேஞ்சப்பைப் பத்தி தனியாவே எழுதலாம். உடம்பை நல்லா முறுக்கித் திரும்பி, பேட்டருக்கு முதுகைக் காட்டிட்டு, அப்புறம் வந்து விழுற பந்து, வேகமா வர்ற மாதிரியே இருக்கும், கிட்ட வந்ததும் தரையைப் பார்த்து இறங்கிடும். லெஃப்ட் ஃபீல்டு பக்கம் உங்க ரசிகர்ங்க உக்கார்ற கிங்ஸ் கோர்ட்ல மஞ்சள் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு, ரெண்டு ஸ்ட்ரைக் ஆனதும் (மூணாவது ஆனா பேட்டர் அவுட்) ஸ்ட்ரைக்அவுட்டுக்கான 'கே' அட்டையைத் தூக்கிப் பிடிச்சு தொண்டை கிழியக் கத்துவோம் பாருங்க, டீம் எந்த இடத்துல இருக்குன்னு அப்ப எவனும் யோசிக்க மாட்டான். நீங்க பந்து போட வர்ற அஞ்சு நாளைக்கு ஒருதடவை எங்களுக்கு அது போதும்னு இருந்துச்சு.

நீங்க வேற ஊருக்குப் போயிருக்கலாம். எத்தனையோ பெரிய பிட்ச்சர்ங்க அப்படிப் போய்த்தான் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சவங்களுக்கான மோதிரம் போட்டுக்கிட்டாங்க, அது தப்பும் இல்ல. நீங்க 2013ல இங்கயே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு, உங்களை ஏமாத்த மாட்டேன்னு சொல்லி அழுதீங்க. அடுத்த வருஷமே ஒரே ஒரு வெற்றில ப்ளேஆஃப், அதான் சீசன் முடிஞ்சு சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற மேட்ச்ங்க, கைநழுவிப் போச்சு. 15 சீசன், ஒரு ப்ளேஆஃப் பந்துகூட நீங்க போடல. அதை இன்னும் உங்க குறையா யாராவது பேசினா எனக்குக் கோவம் வரும். நீங்க ஏமாத்தல ஃபெலிக்ஸ். உங்களைச் சுத்தி நாலு நல்ல பேட்டர்ங்களை நிக்க வைக்கத் தெரியாத டீம்தான் உங்களை ஏமாத்துச்சு.

2022ல 21 வருஷம் கழிச்சு சியாட்டில்ல ப்ளேஆஃப் மேட்ச் நடந்தப்போ முதல் பந்தை சடங்குக்குப் போட உங்களைக் கூப்பிட்டாங்க, ஸ்டேடியமே எழுந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் ஹூஸ்டன் கூட 18 இன்னிங்ஸ், நம்ம பிட்ச்சர்ங்க 17 இன்னிங்ஸ் வரைக்கும் ஒரு ரன் விடல, நாம ஒரு ரன் அடிக்கல, 1-0னு தோத்தோம். உங்க சீசன்களை எல்லாம் ஒரே நாள்ல திரும்பப் பார்த்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

இப்ப டீம் வேற மாதிரி. கேல் ராலி ஒரே சீசன்ல 60 ஹோம் ரன் அடிச்சிட்டாரு, நீங்க ஆடுன காலத்துல இப்படி ஒருத்தர் இருந்திருந்தா அந்த 13-12 எங்க போயிருக்கும்னு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன். வேர்ல்ட் சீரிஸ் சியாட்டிலுக்கு வரும், நான் உறுதியா நம்புறேன். வந்தா முதல் மேட்ச்ல முதல் பந்து நீங்கதான் போடணும், சேஞ்சப்பாவே போடுங்க, தோள் வலிச்சாலும் பரவால்ல.

அன்புடன்,
கிங்ஸ் கோர்ட்ல கத்துனவன் ஒருத்தன்