தம்பிக்கு, ஆகனிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி? டிக்கோயாவில் மழை விட்டதா?

பேராதனையில் முடித்துவிட்டு இங்கே ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வரலாமா, காசுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தாய். ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆறு மாதத்துக்கு 300 யூரோ சொச்சம் கட்டினால் போதும், பஸ், ரயில் டிக்கெட்டும் அதில் அடக்கம் (வேக ரயிலுக்குச் செல்லாது). புகழைப் பார்த்து மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டுவிடாதே. 2024இலிருந்து அங்கே நம்மைப் போன்றவர்களுக்கு மாஸ்டர்ஸ் ஒரு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

விசாவுக்கு 11,904 யூரோவை புளொக்ட் அக்கவுண்டில் (நினைத்தபடி எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போட்டுக் காட்டவேண்டும். மாதம் 992 மட்டும் எடுக்கலாம். நீ எழுதியிருந்த டொய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம் என்ற உதவித்தொகையை இந்தக் கணக்கில் சேர்க்காதே. அது பல்கலைக்கழகத்தில் பதிந்த பிறகுதான் கிடைக்கும், பலர் தடுக்குவது இங்கேதான். 2011இல் தொடங்கிய திட்டம், மாதம் 300 யூரோ. பழைய மாணவரோ கம்பனியோ 150 கொடுத்தால் அரசு 150 போடும். தோட்டத்தில் தேர்த் திருவிழாவுக்குச் செக்ரோலில் (சம்பளப் பதிவில்) பிடிக்கிற காசு மாதிரியில்லை, மனம் வந்து கொடுப்பது. எந்தத் துறைக்கு என்று கொடுப்பவர் சொல்லலாம், எந்தப் பிள்ளைக்கு என்று சொல்ல முடியாது. திருப்பிக் கட்டவும் வேண்டாம். புள்ளியோடு குடும்ப நிலைமையையும் பார்ப்பார்கள். ஆகவே தோட்ட லயத்திலிருந்து வந்த முதல் பட்டதாரி என்பதை வெட்கப்படாமல் எழுது.

வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். கடையை விட லேப் வேலை நல்லது. முதலில் எடை பார்க்கத்தான் விடுவார்கள், அதிலேயே ஆளை அளந்துவிடுவார்கள். தேயிலையின் ஈரப்பதம் என்று வை: 5 கிராம் தூளை 103 பாகை செல்சியஸில் 6 மணித்தியாலம் உலர்த்தவேண்டும், குறையும் எடைதான் ஈரம். பிறகு மூடி போட்டு டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிட்டே நிறுக்கவேண்டும். சூட்டோடு தராசில் வைத்தால் மேலெழும் காற்று கிண்ணத்தைத் தூக்கும். எடை குறைந்து, ஈரம் கூடுதலாகத் தெரியும். திறந்து ஆறவிட்டால் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கணக்கு மறுபக்கம் பிழைக்கும்.

புள்ளியும் இங்கே தலைகீழ். 1.0தான் உச்சம், 4.0 தப்பிப் பிழைத்தது. உன் ஜிபிஏ (சராசரிப் புள்ளி) 3.4, உச்சம் 4, தேர்ச்சி 2 என்றால், 4இல் 3.4 போக 0.6, 4இல் 2 போக 2. அந்த 0.6ஐ 2ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டு: 1.9 வரும். அந்த உச்சமும் தேர்ச்சி எல்லையும் அச்சிட்ட பக்கத்தைப் பெறுபேற்றுத் தாளோடு கேட்டு வாங்கு. அது இல்லாவிட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும்.

அன்புடன்,
அக்கா