மஞ்சள் கொடி கட்டிய வீடு

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நான் ஊர் வந்து மூன்று வாரம் ஆகிறது. கால் வீக்கம் இறங்கிவிட்டது, அதை நினைத்துக் கவலைப்படாதே. நேற்று போனில், அடுத்த ஜூலையில் உன் வாசலிலும் மஞ்சள் கொடி கட்டுவாயா என்று கேட்டேன். "அதெல்லாம் ஓவியர்களுக்கும்மா, நான் லேப்பில் வேலை பார்க்கிறவள்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாய். போனில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூலையில் சனி, ஞாயிறு வந்தால் கேம்பிரிட்ஜில் படம் வரைகிறவர்கள், பானை வனைகிறவர்கள் எல்லாம் தாங்கள் வேலை செய்யும் இடத்தைத் திறந்து வைப்பார்கள், மஞ்சள் கொடி பார்த்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. முதல் வீட்டில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள், ஒன்றும் வாங்குகிற எண்ணமும் இல்லாமல், எப்படி நுழைவது? நீதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாய். ஒருவர் கார் நிறுத்தும் கொட்டகையில் வரைந்துகொண்டிருந்தார், ஒருவர் சமையலறை மேசையில். அன்று பார்த்த வீடுகள் பாதி மறந்துபோயிற்று. லினோ விரிப்பில் படம் செதுக்கி அச்சிடும் அந்த அம்மா வீடு மட்டும் மறக்கவில்லை.

ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்த அந்தத் தரைவிரிப்புத் துண்டில் படம் செதுக்குவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் கத்தியை வைத்த சாய்வைப் பார்த்ததுமே என் கை விழித்துக்கொண்டது. 24 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை அல்லவா. நாங்கள் கத்தியை நம் பக்கம் இழுப்போம், அவர் முன்னால் தள்ளினார். அது ஒன்றுதான் வித்தியாசம். மற்றபடி அதே பிடி. கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் கேட்பார். அவர் என்னிடம் ஒரு துண்டும் கத்தியும் கொடுத்து வெட்டிப் பாருங்கள் என்றாரே, நினைவிருக்கிறதா? ஒரே இழுப்பில் சீவல் அறுபடாமல் சுருண்டு வந்தது. அவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நீ மொழிபெயர்க்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

ஒரே பலகையைத்தான் ஒவ்வொரு நிறத்துக்கும் மேலும் மேலும் வெட்டுகிறார். முதலில் வெளிர் நிறம், கடைசியில் கறுப்பு. முடியும்போது பலகை தீர்ந்துவிடும், திரும்ப அச்சிடவே முடியாது. மரப்பட்டையாவது சில வருடத்தில் வளர்ந்துவிடும். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பாப்பா. 20 பிரதிகளில் 7ஆவது என்று பென்சிலால் எழுதியிருந்த வில்லோ மரப் படத்தை நீ வாங்கிக் கொடுத்தாய். நான் பதிலுக்கு ரப்பர் கதை சொன்னேன். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த விதைகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்ததையும், அதில் ஒன்பது நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் நட்டதையும், அதில் ஒரு மரம் இன்னும் நிற்பதையும் அவர் முதல் தடவையாகக் கேட்டார்.

சரி, இப்போது உன் விஷயம். உன் அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். கேட்காமல் திறந்தது தப்புதான், மன்னித்துக்கொள். உள்ளே எல்லாம் நீ வரைந்த படங்கள்: தோட்டத்தில் நாம் இருந்த லயத்து வரிசை வீடுகள், குழாயடி, மாரியம்மன் கோயில், தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரையில் நிற்கும் ஒருத்தி. உனக்கு ஆறு வயதில் தோட்டத்தை விட்டு வந்தோம். இப்போது அங்கே முழுவதும் செம்பனை, லயமும் இல்லை. இத்தனையும் எப்படி உன் மனதில் நின்றது? பெட்டியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றே ஒன்று மட்டும் தப்பு. மரத்தில் பால் வெட்டும் கோட்டை வலப்பக்கம் உயர்த்தி இடப்பக்கம் இறக்கியிருக்கிறாய். கோடு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறும். இடமிருந்து வலம் இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபட்டு, பால் பிடிக்கும் மங்கு நிறையும். அதைத் திருத்திவிடு. பால் வெட்டியவர்கள் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். லினோவில் வெட்டுவதாக இருந்தால் அச்சில் எல்லாம் மாறி விழும், அப்போது நீ வரைந்தபடியே விடு!

ஊருக்கு வந்த பிறகு ஒரு காரியம் செய்தேன். பின் தெருவில் போர்டு எழுதும் அண்ணனைத் தெரியுமல்லவா, உன் பள்ளிக்கூடத்து வாசல் பெயரையும் அவர்தான் எழுதினார். இத்தனை வருடம் அந்த வீட்டைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. போன செவ்வாய்க்கிழமை போனேன். கொடி கிடி ஒன்றும் இல்லை, "அண்ணே, கொஞ்ச நேரம் பார்க்கலாமா" என்று கேட்டேன், அவ்வளவுதான். பழைய பால் மங்குகளில் வண்ணம் கலந்து வரிசையாக வைத்திருக்கிறார். நுனியில் துணி சுற்றிய ஒரு குச்சியைப் பலகையில் ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டை வைத்துத்தான் எழுதுகிறார். அதனால்தான் அந்த வயதிலும் கோடு நடுங்குவதில்லை. பேனர் எல்லாம் கம்ப்யூட்டரில் அச்சடிக்க ஆரம்பித்த பிறகு போர்டு வேலை குறைந்துவிட்டது. இப்போது அம்மன் கோயில் சிங்க வாகனத்துக்கு வண்ணம் பூசுகிறார். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவாராம், அதுவரை வெறும் மரம்தான் என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது சொன்னார்: "எப்போ முடியும்னு கேட்கத்தான் எல்லாரும் வருவாங்க தங்கச்சி. சும்மா பார்க்க வந்தது நீதான்."

அதைக் கேட்டதிலிருந்து உன் பெட்டி ஞாபகமாகவே இருக்கிறது. உன் அறை சின்னதுதான். கட்டிலைச் சுவரோடு தள்ளினால் நாலு பேர் நிற்கலாம், நான் அளந்து பார்த்தேன். நாலு பேர் வரட்டுமே. படத்தில் இருப்பது யார் என்று கேட்டால் அம்மா என்று சொல். விற்க வேண்டும் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை.

வில்லோ படத்தைக் கண்ணாடி போட்டு ஹாலில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். நம் ஊர் ஈரத்துக்குக் காகிதம் தாங்காது என்று சட்டம் போடும் கடைக்காரர் பின்பக்கத்தையும் நன்றாக ஒட்டிக் கொடுத்தார். இன்னொரு சட்டமும் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தலையில் விளக்கோடு நிற்கிறாளே, அந்தப் படத்துக்கு. கோட்டைத் திருத்திய பிறகு அதன் அளவை அங்குலத்தில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா