ஆண்டறிக்கை: எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம், கடலூர்

உறுப்பினர்களுக்கு வணக்கம். பொதுக்குழுவுக்கு 96 வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்தேன், வந்தவர்கள் 19 பேர், அதிலும் நாலு பேர் டீ குடித்ததும் கிளம்பிவிட்டார்கள். வராதவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

பொங்கல் வைத்தோம். கொடி ஏற்றினோம். மோட்டார் எரிந்து காயில் கட்டினோம். செப்டிக் டேங்க் இரண்டு முறை எடுத்தாயிற்று.

இனி சந்தா. மாதம் 50 ரூபாய், 12 மாதமும் கட்டியது 23 வீடு. முதல் வருஷ நோட்டை எடுத்துப் பார்த்தால் 81 வீடு கட்டியிருக்கிறது. கொழுப்பு என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது வேறு கணக்கு தெரிந்தது. ஒழுங்காகக் கட்டியவர்கள் யார்? பையனுக்கு சிப்காட்டில் வேலை கிடைத்தவர், பாத்திரக்கடை போட்டவர், இப்படிப்பட்டவர்கள். ஒவ்வொருவராகத் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் என்று போய்விட்டார்கள். அந்த வீடுகளில் இப்போது இருப்பவர்களுக்கு அன்றாடக் கூலி. (குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய வீட்டை வாடகைக்கு விடக்கூடாது, நான் யார் பெயரையும் சொல்லவில்லை.) தலை நிமிர்ந்தவர் போகிறார், அந்த இடத்துக்கு இன்னும் இல்லாதவர் வருகிறார்.

அரசு வீடு கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன், குடிசையில் தண்ணீர் ஏறி ராத்திரி முழுக்க நின்றவன் நான். ஆனால் நிலம் மலிவு என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய், இல்லாதவர்களை எல்லாம் ஒரே இடத்தில் குவித்தால் என்ன ஆகும்? சென்னை கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேல் வீடு கட்டி அப்படித்தான் குவித்தார்கள். குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் மாற்றினார்கள், பஸ் என்னவோ வரவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி, காலை 6 மணிக்கு பஸ் வந்தால்தானே? வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நாளைக்குப் போக வர 60 ரூபாய் கொடுக்கிறார்கள், மாத சந்தாவைவிட அது 10 ரூபாய் அதிகம்.

அந்த பஸ்ஸுக்காகத்தான் எட்டு திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு மனு கொடுத்தேன். எட்டு ரசீதும் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது, சந்தேகப்படுபவர்கள் வந்து பார்க்கலாம். கடைசி மனுவில் அமெரிக்காவில் நடந்ததையும் எழுதியிருந்தேன், அது எதற்கு என்று பொருளாளர் சிரித்தார். அங்கே 1994இல் தொடங்கி ஐந்து நகரங்களில், வாரியக் குடியிருப்பில் இருந்த குடும்பங்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் வறுமை குறைந்த பகுதிக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். பெரியவர்கள் சம்பளம் ஏறவில்லை. 13 வயதுக்குள் போன பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்தது, போகாதவர்களைவிட 31 சதவீதம் அதிகம். குடியிருக்கும் இடத்துக்கு அவ்வளவு வலு. நம் பையன்கள் விலாசம் எழுதினாலே தவணைக் கடைக்காரர் முகம் மாறுகிறதே, அதைத்தான் எழுதினேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகப் போய்விட்டது, கையிருப்பு கொஞ்சம் உண்டு, நோட்டு பொருளாளரிடம். மனு ஜெராக்ஸ் செலவு என் கைக்காசு, கேட்கவில்லை, சொல்லிவைக்கிறேன். நிர்வாகிகளுக்கும், மைக்செட் கொடுத்தவருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளராக நிற்பதாக இல்லை. வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை என்றால் பார்க்கலாம். வெளியே போய்விட்ட உறுப்பினர்களே, வாடகை வாங்க மாதம் ஒருமுறை வருகிறீர்கள்தானே, ஞாயிறு காலை பி பிளாக் படிக்கட்டுக்குக் கீழேதான் இருப்பேன், ரசீது புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.

செயலாளர்