பீடி என்ற சொல்லே இல்லாத அறிவிப்பு

புகைப்பழக்கத்தை ஆராயும் புதுச்சேரி ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகர்த் துறைமுகம் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் சுகாதாரக் கணக்கெடுப்புகளுக்காக வீடு வீடாக அலைந்தவன். பீடியும் விற்கிறேன், அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

சென்ற மாதம் உங்கள் பிள்ளைகள் இருவர் என் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். 'தினமும் பத்து சிகரெட்டுக்கு மேல் புகைப்பவர்கள் தேவை. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 முதல் மாலை 4 வரை நேரில் வரவும்.' கீழே செல்போனில் ஸ்கேன் செய்யும் கட்டம்.

எனக்குத் தெரிந்து மூன்று பேர் போனார்கள். இருவர் கல்லூரி மாணவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற அலுவலர், டாக்டர் திட்டியதில் ஏற்கெனவே பாதியாகக் குறைத்தவர். புகையை விட நீங்கள் சொல்லும் ஆலோசனை அவரிடம் பலித்தாலும், இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு விடியலில் என் கடை வாசலில் குந்துகிறவரிடமும் பலிக்கும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

அவர் பிடிப்பது பீடி. எத்தனை என்றால் கட்டுக் கணக்கில் சொல்வார். காற்றில் அணைந்து மறுபடி பற்றவைத்ததை ஒன்றென்பதா, இரண்டென்பதா? கடலுக்குப் போகும் நாளில் ஒரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கிடக்கும் நாளில் வேறு கணக்கு. 2016–17இல் நாடு முழுக்க வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி பிடித்தார்கள். சிகரெட் பிடித்தவர்கள் 4 சதவீதம்தான்.

பிரிட்டனில் 1951இல் புகை பற்றிய ஆய்வை டாக்டர்களை மட்டும் கேட்டுத்தானே தொடங்கினார்கள் என்பீர்கள். அங்கே கேள்வி, புகை கொல்லுமா என்பது. அதற்கு டாக்டர் நுரையீரலே போதும். யாரால் விட முடிகிறது என்பது உங்கள் கேள்வி. அதில் தூக்கமும் கூலியும் பக்கத்தில் இருப்பவன் நீட்டும் தீப்பெட்டியும் சேர்ந்துகொள்ளும்.

2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுக்காகச் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்தார்கள். புகைத்தவர்கள் காசநோயால் எவ்வளவு அதிகம் இறந்தார்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது. இறந்தவர் எந்த அறிவிப்பையும் படித்துவிட்டு வரமாட்டார் அல்லவா, தேடித்தான் போக வேண்டியிருந்தது.

நீங்களும் வீட்டுப் பட்டியலில் குலுக்கி ஆள் எடுங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் மறுநாளும் போங்கள். மறுத்தவர் எத்தனை பேர், என்ன தொழில் என்றும் எழுதி வையுங்கள். தடைக்காலத்தில் ஒரு முறை, ஜூன் 15க்குப் பிறகு ஒரு முறை வாருங்கள். கடையை மூன்றரை மணிக்கே திறந்துவிடுவேன்.