முதலில் வேரைத் தோண்டு

அன்புள்ள நெட்டை,

போன இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதவன் இதற்கு மட்டும் மறுநாளே எழுதுகிறானே என்று முறைக்காதே. எல்லோரும் சௌக்கியம். வாத்தியார் இன்னமும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டாணி மஞ்சளாகிறது, மெட்டாலாக்சில் ஊற்றினேன், பிறகு கார்பென்டசிம் ஊற்றினேன், இரண்டு பூசணக்கொல்லிக்கும் கேட்கவில்லை என்று நான்கு பக்கம் புலம்பியிருக்கிறாய். அந்த நான்கு பக்கத்தில் ‘வேர்’ என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லையேடா!

நாளைக் காலை மண்வெட்டியோடு போ. செடியைப் பிடுங்காதே, பிடுங்கினால் அழுகின பக்கவேர் மண்ணிலேயே தங்கிவிடும், உனக்கு வெறும் தண்டுதான் கிடைக்கும். முழுக்கச் செத்த செடி வேண்டாம், அதில் கண்ட பூசணமெல்லாம் குடியேறியிருக்கும். மஞ்சள் திட்டின் ஓரத்தில் இப்போதுதான் வெளுக்கத் தொடங்கின ஐந்தாறு செடிகளை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல அலசு.

வேர் முழுக்கத் தேன் நிறத்தில் நைந்து, நகத்தால் பற்றி இழுத்தால் தோல் உறைபோல உருவிக்கொண்டு நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அஃபனோமைசிஸ் என்ற கிருமியின் வேரழுகல். விதை ஒட்டியிருந்த இடத்தில் செங்கருப்புப் புண் தொடங்கி, ஆணிவேரைப் பிளந்தால் உள்ளே சிவப்போடியிருந்தால் ஃபியூசேரியம் என்ற பூசணத்தின் வேரழுகல். வேர் வெளியே நன்றாக இருந்து, அடித்தண்டை நீளவாக்கில் கீறினால் உள்குழாய் ஆரஞ்சாகவோ செங்கல் நிறமாகவோ தெரிந்தால் அது ஃபியூசேரியத்தின் இன்னொரு வகை தரும் வாடல் நோய். இலை விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, மஞ்சள் அடியிலிருந்து மேலேறும். இரண்டு மூன்று ஒரே வேரில் கூட்டாகவும் இருக்கும், அது வேறு வயிற்றெரிச்சல்.

நீ ஊற்றினது ஏன் கேட்கவில்லை தெரியுமா? மெட்டாலாக்சில் முளையிலேயே விதையை அழுக வைக்கும் பித்தியம் என்ற கிருமிக்கானது; ஃபியூசேரியத்துக்கு அதுவும் வெறும் தண்ணீரும் ஒன்றுதான். கார்பென்டசிம் நேர்மாறு: ஃபியூசேரியத்தைத் தொடும், பித்தியத்தைத் தொடாது. அதையும் விதையில் பூசியிருக்க வேண்டும், வேர் அழுகின பிறகு ஊற்றி என்ன பயன்? அஃபனோமைசிஸோ இரண்டுக்கும் அடங்காது. அது நிஜப் பூசணமே இல்லை, நீரில் நீந்தும் வித்துக்களை விடுகிற சாதி. நிற்கிற பயிரில் அதைக் கொல்ல மருந்து கிடையாது. நம்ம சிநேகிதன் மொட்டை, யூரியா போடச் சொல்வான், காதில் வாங்காதே. காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துத் தரும் வேர்முடிச்சு அழுகியதால் வந்த மஞ்சள் அது. அழுகல் அப்படியே இருக்க, இலை மட்டும் நாலு நாள் பச்சை காட்டும்.

எனக்குப் பயம் அஃபனோமைசிஸ்தான். அதன் தடித்தோல் வித்து மண்ணில் பத்து வருஷத்துக்கு மேல் படுத்துக் கிடக்கும். நீயோ ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் பட்டாணி போடுகிறாய். அது உறுதியானால் அந்த வயலில் ஆறு முதல் எட்டு வருஷம் பட்டாணி கூடாது. இடையில் மைசூர் பருப்போ குதிரைமசால் தீவனமோ போட்டுவிட்டு ‘மாற்றுப் பயிர்’ என்று கணக்குச் சொல்லாதே, இரண்டும் அதே நோய்க்கு விருந்து. தானியப் பயிர் போடு. வாடல் என்றால் சிக்கல் குறைவு: அந்தப் பூசணத்தில் பல இனம் உண்டு, உன் வயலில் இருக்கிற இனத்துக்கு எதிர்ப்புள்ள பட்டாணி ரகம் பார்த்து வாங்கு. முதல் இனத்துக்குத் தாங்குகிற ரகம் இரண்டாம் இனத்திடம் தோற்கும், அதனால் விதைக்காரரிடம் எந்த இனத்துக்கு என்று கேள்.

அடுத்த வயலில் போடுமுன் ஒரு சோதனை. பள்ளமான இடம், வயலுக்குள் நுழைகிற வழி ஓரம், பழைய மஞ்சள் திட்டு என்று பல இடத்து மண்ணைக் கலந்து இரண்டு சட்டியில் நிரப்பு. ஒன்றின் மண்ணை மட்டும் முன்பே வேகவைத்து ஆற வை. இரண்டிலும் பத்துப் பத்து விதை. முளைத்து ஒரு வாரத்தில் மூன்று நாள் சொதசொதவென்று ஊறவிட்டு, பிறகு வழக்கமாகத் தண்ணீர் விடு. நான்காம் வாரம் வேரைக் கழுவி ஒப்பிடு. வேகாத மண்ணில் மட்டும் வேர் தேன் நிறமானால் அந்த வயலையும் மறந்துவிடு.

நல்லபடி வந்தால் மேட்டுப்பாத்தி, வடிகால், அடிமண் இறுக்கம் உடைத்தல், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூசணம். அதோடு கார்பென்டசிம் கலக்காதே, டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான், செத்துப்போகும். நோய் வயலை உழுத கலப்பையைக் கழுவாமல் அடுத்த வயலில் இறக்காதே.

கீறின தண்டின் நிறத்தை எழுது. ‘ஒரு மாதிரி பழுப்பு’ என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

உன்
குட்டை