குப்பை கொட்டிய மூதாட்டியும் பள்ளிவாசல் பெருக்கிய பெண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மீலாது (நபி பிறந்தநாள்) சிறப்பிதழில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நற்குணங்கள் பற்றி வந்த கட்டுரை மிகுந்த அன்போடு எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதன் முதல் பத்தியே, நாள்தோறும் அவர்கள் மீது குப்பை கொட்டிய மூதாட்டியின் கதை. ஒரு நாள் குப்பை விழவில்லையாம். விசாரித்துப் பார்த்தால் காய்ச்சலில் கிடக்கிறாளாம். நாயகம் போய் நலம் கேட்டார்களாம். அவள் மனம் மாறினாளாம். புகாரி, முஸ்லிம், அபூதாவூத், திர்மிதி, நஸாயீ, இப்னுமாஜா ஆகிய ஆறு நபிமொழித் தொகுப்புகளில் ஒன்றில்கூட இந்தச் சம்பவம் இல்லை.

சொல்கிறவருக்குச் சொல்கிறவர் கதை மாறுவதே அதன் பலவீனத்தைக் காட்டிவிடும். ஒருவர் மக்கா என்பார், இன்னொருவர் மதீனா என்பார். சிலரிடம் அவள் மக்காவின் குறைஷிக் குலத்துக் கிழவி, சிலரிடம் யூதப் பெண். பேரீச்சம்பழம் அதிகம் தின்னும் சிறுவனைத் தாய் அழைத்து வந்த கதையும் இதே ரகம்தான். நாயகம் முதலில் தாம் அதை விட்டுவிட்டுப் பிறகு அவனுக்குப் புத்தி சொன்னார்களாம். அதே கதை வெல்லமாகவும் சர்க்கரையாகவும் மாறி, ராமகிருஷ்ண பரமஹம்சர் பேரிலும் காந்தியடிகள் பேரிலும் உலவுகிறது.

ஒரு செய்தியை ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவது நல்லது. தொகுத்தவரிலிருந்து நபித்தோழர் வரை, யாரிடம் யார் கேட்டார் என்று ஒவ்வொருவர் பெயரும் வரிசையாக இருக்க வேண்டும். அந்தச் சங்கிலி நடுவில் அறுந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் நேர்மையானவராக இருக்க வேண்டும். நினைவாற்றலிலும் பிசகில்லாதவராக இருக்க வேண்டும். அவரைவிட நம்பகமானவர்கள் சொன்னதோடு முரண்படக் கூடாது. கடைசியாக, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத குறை ஒன்றும் உள்ளே இருக்கக் கூடாது. இந்த ஐந்தும் தேறினால் ஸஹீஹ், அதாவது ஆதாரப்பூர்வமானது. பெரும்பாலும் தவறுவது நினைவாற்றலில்தான். நல்ல மனிதர், தொழுகையாளி, ஆனால் முதுமையில் குழம்பிப்போனார் என்றால், குழம்பிய பிறகு அவர் சொன்னதை எடுத்துக்கொள்வதில்லை. மூதாட்டி கதைக்கோ சோதிப்பதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று, நல்ல கருத்துதானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைச் செய்தியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கஅபாவின் அருகே நாயகம் நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் இருக்கிறார்கள். அறுத்த ஒட்டகத்தின் நஞ்சுக்கொடிச் சவ்வை எடுத்து வந்து, இரு தோள்களுக்கு நடுவே போடுகிறான் குறைஷி எதிரிகளில் ஒருவனான உக்பா. சுற்றியிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள். தலையை உயர்த்தாமல் அப்படியே இருக்கிறார்கள் நாயகம். மகள் சிறுமி ஃபாத்திமா ஓடிவந்து அதை இழுத்து எறிகிறார். பார்த்தவர் நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி). தடுக்கத் தமக்கு வலுவில்லாமல் போயிற்றே என்று அவரே வருந்திச் சொல்கிறார். தொழுகை முடிந்ததும் நாயகம் புன்னகைத்துவிட்டுப் போகவில்லை. "இறைவா, குறைஷியரை நீ பார்த்துக்கொள்" என்று மூன்று முறை சொல்லி, பெயர் பெயராக முறையிட்டார்கள். புகாரியில் இருக்கிறது. இந்த வேதனையைத்தான் குப்பைக் கதை துடைத்து எடுத்துவிடுகிறது.

இன்னொன்று. 625இல் நடந்த உஹத் போரில் நாயகத்தின் சிறிய தந்தை ஹம்ஸாவை ஈட்டி எறிந்து கொன்றவர் வஹ்ஷி. பல ஆண்டுகள் கழித்து அவர் இஸ்லாத்தை ஏற்று எதிரில் வந்து நிற்கிறார். நாயகம் பழிவாங்கவில்லை. எப்படிக் கொன்றாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "உன் முகத்தை என்னிடமிருந்து மறைத்துக்கொள்ள முடியுமா?" என்று மட்டும் கேட்டார்கள். மன்னித்த பிறகும் மனசு வலித்தது. அந்த வலியை மறைக்கவும் இல்லை. நாயகத்தின் குணம் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டிய செய்தி இது என்பேன். மேடைகளில் இதை அரிதாகத்தான் கேட்க முடிகிறது.

யூத அண்டை வீட்டாரோடு நாயகம் எப்படி இருந்தார்கள் என்று காட்டவும் கதை கட்டத் தேவையில்லை. பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயில் விழுந்தபோது அவன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தது புகாரியில் உண்டு. யூதர் ஒருவரின் பிரேதம் கடந்தபோது எழுந்து நின்றார்கள், யூதர் ஆயிற்றே என்றதற்கு "அதுவும் ஓர் உயிர் அல்லவா?" என்றார்கள். நாயகம் மறைந்தபோது அவர்களின் போர்க்கவசம் ஒரு யூதரிடம் 30 ஸாஉ வாற்கோதுமைக்கு அடகில் இருந்தது. ஒரு ஸாஉ என்பது இரு கையையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு. அரபு நாட்டின் தலைவர் 120 அள்ளு தானியத்துக்குக் கவசத்தை அடகு வைத்திருந்தார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொன்ன ஒரு வரியைப் போட்டாலே பக்கம் நிறைந்துவிடும்.

நாயகத்தின் பெருமைக்காகப் பொய் சொல்வதை நாயகமே ஏற்கவில்லை. ஹிஜ்ரி 10இல் மகன் இப்ராஹீம், பால்குடிக் குழந்தை, மடியில் உயிர் விட்டார். "கண் நீர் சொரிகிறது, உள்ளம் துயருறுகிறது, இறைவன் விரும்பாத எதையும் சொல்ல மாட்டோம்" என்றார்கள். அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. வானியல் கணக்கில் அது 632 ஜனவரி 27. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று ஊரே பேசியது. நாயகம் எழுந்து நின்று, "சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை" என்று மறுத்தார்கள். மகனைப் பறிகொடுத்த நாளில் சொன்ன சொல் இது. "என் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தம் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும்" என்ற எச்சரிக்கையையும் ஏராளமான தோழர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நாயகம் மானுக்குப் பிணை நின்ற படலம் உண்டே என்று கேட்கலாம். அது காப்பியம், புலவர் காப்பியமாகவே பாடினார், நாமும் அப்படியே சுவைக்கிறோம். செய்தித்தாள் கட்டுரை அப்படி அல்ல. அதில் வந்ததை மறுநாள் மாணவன் பேச்சுப்போட்டியில் வரலாறு என்று சொல்கிறான்.

ஆகவே ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையாளரிடம் எந்தத் தொகுப்பு, எந்தத் தோழர் அறிவித்தது, தொகுப்பில் எந்தப் பாடம் (அத்தியாயம்) என்று மூன்றையும் கேளுங்கள். ஹதீஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தக் குழப்பம் அதிகம். புகாரியும் முஸ்லிமும் தமிழிலேயே கிடைக்கின்றன. புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துவிடலாம். மற்ற தொகுப்பு என்றால் அறிஞர்கள் அதற்குக் கொடுத்த தரத்தையும் கேட்க வேண்டும். "சீனா சென்றேனும் கல்வி கற்பீர்" என்பது நம் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கிறது. 1201இல் மறைந்த ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ, இட்டுக்கட்டப்பட்ட செய்திகள் என்று தாம் தொகுத்த நூலில் அதைச் சேர்த்திருக்கிறார். "தாயின் காலடியில் சொர்க்கம்" என்பதற்கோ நஸாயீயில் நல்ல மூலம் இருக்கிறது. போருக்குப் போக அனுமதி கேட்டு வந்தவரிடம் தாய் இருக்கிறாரா என்று கேட்டு, "அவரோடு இரு, சொர்க்கம் அவர் காலடியில் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். முன்பாதியை வெட்டிவிட்டால் பொருளே குறைந்துவிடுகிறது.

மூதாட்டி கதைக்குத் திருத்தம் வெளியிடுவதானால், அதே இடத்தில் இதைப் போடுங்கள். மதீனா பள்ளிவாசலைப் பெருக்கிக் குப்பை அள்ளிய கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தார். ஆணா பெண்ணா என்பதில் தமக்குள்ள ஐயத்தைக்கூட அறிவிப்பாளர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சில நாள் அவரைக் காணாமல் நாயகம் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள்; அவர் விஷயத்தைத் தோழர்கள் சிறிதாக நினைத்துவிட்டார்கள் போலும் என்று முஸ்லிமில் ஒரு குறிப்பு வருகிறது. "எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அவருடைய கப்ரை (அடக்கத் தலத்தை) காட்டுங்கள்" என்றார்கள் நாயகம். காட்டினார்கள். அங்கே போய் நின்று ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) தொழுதார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், காயல்பட்டினம்