உணவு நோட்டில் விடுபடும் இரவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் எடையைக் குறைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எண்ணெய், சர்க்கரை, நடைப்பயிற்சி, உறக்கம் என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கும் அக்கட்டுரைகளில் மதுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. உணவியல் ஆலோசகராகப் பணியாற்றும் நான் அந்தக் குறையின் விளைவை அன்றாடம் பார்ப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எடையைக் குறைக்க வருபவர்களிடம், உண்பது அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்வது எங்கள் வழக்கம். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் நான்கு மாதங்களாக அப்படி எழுதி வந்தார். காலையில் இத்தனை கிராம், மாலையில் இத்தனை நிமிட நடை என்று கட்டம் போட்டு எழுதிய அந்த நோட்டில், வெள்ளி, சனி இரவுகளுக்குரிய கட்டங்கள் மட்டும் வாரந்தோறும் வெறுமையாகக் கிடந்தன. எடையோ ஒரு கிலோகூட இறங்கவில்லை. விசாரித்தபோது, "அது சாப்பாடு இல்லையே, அதனால்தான் எழுதவில்லை" என்றார். அவர் மறைக்க நினைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. மது உணவுக் கணக்கில் சேராது என்று உண்மையாகவே நம்பியிருந்தார்.

ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9 கலோரி என்பது பலருக்கும் தெரியும். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி உண்டு என்பதுதான் பேசப்படுவதில்லை. 40 சதவீத ஆல்கஹால் கொண்ட மதுவை 60 மில்லி வீதம் மூன்று முறை அருந்தினால், தொட்டுக்கொள்ளும் தீனியையும் கலந்து குடிக்கும் குளிர்பானத்தையும் சேர்க்காமலேயே ஏறத்தாழ 400 கலோரி உடலில் சேர்ந்துவிடும். நடுத்தர உடல்வாகு கொண்ட ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் அவ்வளவு செலவாகாது. "நான் குடிப்பதில் சர்க்கரையே இல்லை" என்று ஆறுதல் கொள்பவர்கள், இந்தக் கலோரி ஆல்கஹாலிலிருந்தே வருவது என்பதை அறிய வேண்டும்.

கலோரியோடு இது முடிந்துவிடுவதில்லை. ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடலில் இடம் கிடையாது. அதனால் அது உள்ளே வந்தவுடன் கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகவும் பின்னர் அசிட்டேட்டாகவும் மாற்றுவதில் இறங்குகிறது. இந்த வேலை முடியும்வரை கொழுப்பை எரிப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கல்லீரலால் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலை மட்டுமே கையாள முடியும் என்பதால், மேற்சொன்ன அளவை அகற்ற ஆறு முதல் எட்டு மணி நேரம், அதாவது ஓர் இரவு முழுவதும், தேவைப்படுகிறது. அந்த இரவில் உறக்கமும் கெடுகிறது. குடித்தவுடன் தூக்கம் விரைவில் வருவது உண்மைதான் என்றாலும், பின்னிரவில் அது அடிக்கடி கலைந்துவிடும். உறக்கம் குறைந்த மறுநாள் பசி கூடுவதையும், நடைக்குப் போகும் மனம் குறைவதையும் அந்த நோட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களே காட்டின.

குடிப்பவர்கள் பலர் ஒல்லியாகத்தானே இருக்கிறார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்பவர் இளைப்பது நலத்தின் அறிகுறி ஆகாது. சரியான உணவில்லாமல் தசை கரைகிறது. தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்து மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. பருமனாக இருப்பவர் குடிக்கும்போதோ, கல்லீரலில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்போடு மதுவின் கேடும் சேர்ந்துகொள்கிறது. இரத்த அழுத்தமும், டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பும் உயர்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்பதை 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, குறைந்த அளவு குடித்தாலும் கூடுகிறது.

தனியாக எச்சரிக்க வேண்டியவர்களும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், நீரிழிவுக்கான சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் எடை குறைப்பதற்காக உணவைக் குறைத்துக்கொண்டு வெறும் வயிற்றில் மது அருந்தினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று எண்ணி விட்டுவிடுவார்கள். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, முன்பு குடித்த அதே அளவே மிக வேகமாக இரத்தத்தில் ஏறிவிடும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிட முயலக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இதில் எங்கள் துறையினரின் தவறும் இருக்கிறது. அந்த மனிதரிடம் முதல் நாளே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மனம் நோகுமோ என்று தயங்கியதில் நான்கு மாதங்கள் வீணாயின. தங்கள் நாளிதழிலும் அதே தயக்கம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். நலவாழ்வுப் பக்கத்தில் அடுத்த முறை கலோரி அட்டவணை வெளியிடும்போது, மது வகைகளையும் அவற்றின் அளவோடும் கலோரியோடும் அதே அட்டவணையில் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர் ஒருவர்